பெயரில்லாப் படைப்பும் பெயர் மறைத்த படைப்பாளியும்

அறிவியல் புனைகதை என்றதும் ஜூல்ஸ் வெர்ன், எச்.ஜி. வெல்ஸ் ஆகிய இருவர் பெயரும் நம் நினைவில் முந்துகின்றன. தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வழியே இவ்வுலகினுள் நுழைந்தோர் பலர். ஆயினும் இவ்வகை இலக்கியத்தின் தலைவாயிலில் நிற்பவர் ஒரு பெண். வெர்ன் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1818இல், தம் இருபதாம் வயதில் ‘பிராங்கென்ஸ்டைன்’ என்னும் நாவலை வெளியிட்ட மேரி ஷெல்லியே அவர். முதல் அறிவியல் புனைகதை இதுவே என்று ஆங்கில எழுத்தாளர் பிரையன் ஆல்டிஸ் 1973இல் வெளியிட்ட தம் நூலில் வாதிட்டார்.

கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்திற்கு ஷெல்லி என்றால் கவிஞர் ஷெல்லிதான். ‘ஷெல்லிதாசன்’ என்று பாரதி புனைபெயர் பூணும் அளவுக்கு அவர் உள்ளத்தைக் கவர்ந்தவர். அக்கவிஞரின் மனைவி என்னும் ஒற்றை வரிக்குள் நெடுங்காலம் அடக்கப்பட்ட ஒருவரின் வாழ்வையும், அவருடைய இரு நாவல்களையும் அன்பர்கள் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் வளர்ப்பும்

மேரி 1797 ஆகஸ்டு 30இல் இலண்டனில் பிறந்தார். தந்தை வில்லியம் காட்வின், அரசியல் சிந்தனையாளர். தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், 1792இல் பெண்ணின் உரிமைகளை நிலைநாட்டி நூல் எழுதிய பெருமாட்டி. மகளைப் பெற்ற பதினொரு நாள்களில் பிரசவக் காய்ச்சலால் தாய் மறைந்தார். மேரி தம் தாயை நூல்களிலும் கல்லறையிலுமே கண்டார். தாயின் எழுத்துகளைப் படித்தவாறு அக்கல்லறை அருகே பொழுதைக் கழித்த சிறுமிக்கு, பிறப்பும் இறப்பும் ஒரே கதவின் இரு புறங்களாகத் தோன்றியிருத்தல் வியப்பன்று.

காட்வினின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டு அவ்வீட்டிற்கு வந்தவர் இளங்கவிஞர் பெர்சி ஷெல்லி. அவர் ஏற்கெனவே மணமானவர். 1814 ஜூலையில், பதினாறு வயது மேரி அவருடன் ஐரோப்பாவிற்குப் புறப்பட்டார். திருமணத் தளையை எதிர்த்து எழுதிய தந்தையே மகளுக்கு வீட்டுக் கதவை அடைத்தார். 1815 பிப்ரவரியில் குறைப்பேறாகப் பிறந்த பெண் மகவு இரு வாரங்களுக்குள் இறந்தது. நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் அக்குழந்தை மீண்டும் உயிர்பெற்றதாகக் கண்ட கனவொன்றை மேரி நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நாவலின் வித்து இக்கனவில் கிடந்தது எனலாம்.

கோடையில்லாத ஆண்டு

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. வானில் பரவிய அதன் துகள்கள் கதிரொளியை மறைத்தமையால் 1816இல் ஐரோப்பாவிற்குக் கோடையே வரவில்லை. அவ்வாண்டு ஜெனீவா ஏரிக்கரையில் மேரியும் பெர்சியும், கவிஞர் பைரனும் அவருடைய மருத்துவர் போலிடோரியும் ஓயாத மழையால் வீட்டிற்குள் அடைபட்டுப் பேய்க்கதைகளைப் படித்தனர். ஆளுக்கொரு கதை எழுதலாம் என்றார் பைரன். புகழ்பெற்ற கவிஞர் இருவரும் தொடங்கியதை முடிக்கவில்லை. போலிடோரியின் முயற்சி பின்னர் இரத்தக் காட்டேரிக் கதைக்கு வழிவகுத்தது. பதினெட்டு வயது மேரியோ பல நாள் கதை தோன்றாமல் தவித்தார்.

உயிரின் மூலம் எது என்று கவிஞர்கள் இருவரும் உரையாடியதை அவர் அருகிருந்து கேட்டார். இறந்த தவளையின் கால்கள் மின்பொறியால் துடித்ததைக் கால்வானி முன்பே காட்டியிருந்தார். அவருடைய உடன்பிறந்தாள் மகன் ஆல்டினி 1803இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்டவனின் உடலில் மின்சாரம் செலுத்தி அதை அசையச் செய்தார். அறிவுலகம் வியந்து பேசிய இச்செய்திகளும், மகவை இழந்த ஓர் இளந்தாயின் கனவும் கலந்தபோது நாவல் உருவாயிற்று. பேய்க்கதையின் மந்திரத்தை நீக்கி அவ்விடத்தில் ஆய்வுக்கூடத்தை அமைத்ததே மேரியின் புதுமை.

அநாமதேயமாய் வந்த நூல்

1818 ஜனவரி முதல் நாளில் 500 படிகள் மட்டும் அச்சாகி நாவல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரையைப் பெர்சி எழுதியிருந்தார். நூல் தந்தை காட்வினுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது. எனவே இது பெர்சியின் படைப்பு என்றே வால்ட்டர் ஸ்காட் உள்ளிட்டோர் கருதினர். 1823இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் மேரியின் பெயர் இடம்பெற்றது. அதன் பின்னரும் ஐயம் எழுப்பியோர் உண்டு. கையெழுத்துப் படிகளை ஆராய்ந்த சார்லஸ் ராபின்சன், சுமார் 72,000 சொற்கள் கொண்ட நாவலில் பெர்சியின் கைவண்ணம் 4,000 முதல் 5,000 சொற்கள்வரையே எனக் கணித்தார். நல்ல பதிப்பாசிரியரின் திருத்தம் அது; அதற்கு மேல் எதுவும் இல்லை.

நாவலைப் படிக்காதோர் பலர் பிராங்கென்ஸ்டைன் என்பது அரக்கனின் பெயர் என நினைப்பர். அது படைத்தவனின் பெயர். படைக்கப்பட்ட உயிருக்கு நாவல் முழுதும் பெயரே இல்லை. 1823இல் இலண்டனில் இக்கதை நாடகமானபோது பாத்திரப் பட்டியலில் அவ்வுயிரின் இடத்தில் வெறுங்கோடு இட்டிருந்ததைக் கண்டு மேரி மகிழ்ந்தார். நம் சங்கப் புலவருள் இயற்பெயர் மறைந்து, தாம் படைத்த தொடராலேயே செம்புலப்பெயனீரார் எனப் பெயர் பெற்றவர் உண்டு. அங்கே படைப்பு படைப்பாளிக்குப் பெயர் தந்தது. இங்கோ பெயர் மறுக்கப்பட்ட படைப்பு, மறுத்தவனின் பெயரையே உலகோர் வாயால் பறித்துக்கொண்டது.

1931இல் வந்த திரைப்படத்தில் அவ்வுயிர் பேசவில்லை. நாவலில் அது பேசுகிறது; மில்டனையும் புளுட்டார்க்கையும் படிக்கிறது. ஒரு குடிசையில் வாழ்வோரை மறைந்திருந்து கவனித்து மொழி கற்கிறது. தன்னை ஆக்கிவிட்டு அருவருத்து ஓடியவனை மறித்து நியாயம் கேட்கிறது. இரவச்சம் அதிகாரத்தில் வள்ளுவர் உலகைப் படைத்தவனையே சபிக்கத் துணிந்தார் அன்றோ? அந்த அறச்சீற்றத்தை இங்குப் படைக்கப்பட்ட உயிரின் வாயிலாகவே கேட்கிறோம். உயிரை உண்டாக்கியது விக்டரின் குற்றமன்று. உண்டாக்கியபின் கைவிட்டதே குற்றம் என்பது நாவலின் உட்கிடை.

இழப்புகளும் பதிப்புப் பணியும்

வாழ்க்கை அவரை விட்டுவைக்கவில்லை. 1816இல் தமக்கை ஃபேனியும், பெர்சியின் முதல் மனைவி ஹேரியட்டும் தம்மை மாய்த்துக்கொண்டனர். அவ்வாண்டு இறுதியில் மேரியும் பெர்சியும் மணந்தனர். 1818இல் வெனிசில் மகள் கிளாராவும், 1819இல் ரோமில் மகன் வில்லியமும் இறந்தனர். 1822 ஜூலை 8இல் இத்தாலியக் கடலில் படகு கவிழ்ந்து பெர்சி மாண்டார். எஞ்சியவன் பெர்சி ஃபுளோரன்ஸ் என்னும் மகன் ஒருவனே. மேரிக்கு அப்போது வயது 24.

மாமனார் சர் திமோத்தி, பேரனுக்குச் சிறு உதவித்தொகை அளித்தார். மகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதலாகாது என நிபந்தனை விதித்தார். கையறுநிலை பாடி நின்றுவிடாமல் மேரி உழைத்தார். அடித்தும் திருத்தியும் சிதறிக் கிடந்த தாள்களிலிருந்து கவிதைகளைப் படித்தெடுத்து 1824இல் வெளியிட்டார். மாமனாரின் சினத்தால் அந்நூல் திரும்பப் பெறப்பட்டது. 1839இல் நான்கு தொகுதிகளைப் பதிப்பிக்கையில் வரலாறு எழுதவில்லை. மாறாகக் கவிதைகள் பிறந்த சூழலைக் குறிப்புகளாக எழுதினார். தடுக்கப்பட்ட வரலாறு அக்குறிப்புகளில் ஒளிந்து வாசகரை அடைந்தது. பாரதி மறைந்தபின் ‘பாரதி ஆச்ரமம்’ வழியே அவர் நூல்களை வெளிக்கொணர முனைந்த செல்லம்மாளை அறிந்த நமக்கு இத்தொண்டின் அருமை எளிதில் விளங்கும்.

கடைசி மனிதன்

1826இல் வந்த ‘கடைசி மனிதன்’ நாவல் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்வது. கொள்ளைநோய் ஒன்று நாடு நாடாகப் பரவி மனித குலத்தை அழிக்கிறது. பெர்சியையும் 1824இல் மறைந்த பைரனையும் நினைவூட்டும் பாத்திரங்கள் இதில் உலவுகின்றன. எஞ்சிய ஒருவன் ரோமில் 2100ஆம் ஆண்டைக் கல்லில் பொறித்துவிட்டு, ஒரு நாயுடனும் சில நூல்களுடனும் கடலில் புறப்படுகிறான். படிக்க எவருமில்லை என்றறிந்தும் எழுதுகிறான். எழுதுவோர் அனைவரும் ஒருநாள் எதிர்கொள்ளும் வினா இதுவே. அக்காலத் திறனாய்வாளர் இந்நூலை இகழ்ந்தனர். நெடுங்காலம் மறந்திருந்த இந்நூல் 1965இல் மறுபதிப்பானது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் பலர் இதைத் தேடிப் படித்தனர்.

1851 பிப்ரவரி முதல் நாளில், 53ஆம் வயதில் மேரி மறைந்தார். வரலாற்று நாவல்கள், பயண நூல், இத்தாலிய, பிரெஞ்சு எழுத்தாளர் வாழ்வுகள் எனப் பலவற்றைப் படைத்தவர் அவர். 

முதலில் ‘பிராங்கென்ஸ்டைன்’ நாவலின் 1818ஆம் ஆண்டுப் பதிப்பைப் படியுங்கள். அதில் இளம்பெண்ணின் துணிவு மாற்றப்படாமல் உள்ளது. பின்னர் ‘கடைசி மனிதன்’ நாவலுக்குச் செல்லுங்கள். தொடக்கப் பகுதிகள் மெதுவாக நகரும், பொறுத்துக்கொண்டால் பயன் பெரிது. கவிஞர்களுக்கு மேலும் ஒரு வேண்டுகோள். இனி ஷெல்லியின் கவிதை நூலைக் கையிலெடுக்கும்போது, அதன் அடிக்குறிப்புகளையும் கவிதையைப் படிக்கும் அதே கவனத்தோடு படியுங்கள்.