உலகமே அறிந்த முகம்... இறந்தது தெரிய 18 நாள்! யார் இந்த பெட்ரா கெல்லி?

1983 மார்ச் 29. மேற்கு ஜெர்மனியின் அன்றைய தலைநகர் பான். கோட்டு, டை சகிதம் விறைப்பாக எம்.பி.க்கள் உட்காரும் நாடாளுமன்றத்துக்கு, ஸ்வெட்டரும் ஜீன்ஸுமாக ஒரு கூட்டம் தெருவில் ஊர்வலமாக நடந்து வந்தது. சிலர் கையில் பூந்தொட்டி. கூடவே மாசுபட்ட காற்றால் பட்டுப்போன ஒரு மரக்கிளை, பெரிய பூமி உருண்டை ஒன்று. வழிதவறி வந்த போராட்டக்காரர்கள் இல்லை இவர்கள். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய புது எம்.பி.க்கள். பசுமைக் கட்சிக்காரர்கள்.

அந்த ஊர்வலத்தில் கேமராக்கள் விடாமல் தேடியது ஒரே ஒரு முகத்தைத்தான். ஒல்லியான உடம்பு, கட்டையாக வெட்டிய முடி, படபடவென்ற பேச்சு. பெட்ரா கெல்லி, வயது 35.

அங்கிருந்து ஒன்பதரை ஆண்டுகள் கழித்து, அதே பான் நகரத்தில் தன் வீட்டுக்குள் கெல்லி இறந்து கிடந்தார். சுமார் 18 நாட்கள் யாருக்கும் தெரியவில்லை. இடையில் என்னதான் நடந்தது? இதோ முழு விவரம்.

தங்கையின் மரணம் எழுப்பிய கேள்வி

1947 நவம்பர் 29-ல் பவேரியா மாநிலத்தின் குன்ஸ்பர்க் என்ற சிறிய ஊரில் பிறந்தவர் பெட்ரா. சின்ன வயதிலேயே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா பின்னாளில் ஜான் கெல்லி என்ற அமெரிக்க ராணுவ அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டார். கெல்லி என்ற பெயர் வந்தது அப்படித்தான். குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. வாஷிங்டனில் அரசியல் படித்த பெட்ரா, 1968-ல் ராபர்ட் கென்னடியின் தேர்தல் பிரசாரத்தில் தொண்டராக வேலை பார்த்தார்.

அந்த வீட்டின் செல்லம் பெட்ராவின் தங்கை கிரேஸ். அவளுக்குக் கண்ணில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு சிகிச்சை எல்லாம் பார்த்தும் பலனில்லை. 1970 பிப்ரவரியில் கிரேஸ் இறந்துபோனாள். வயது 10.

பெட்ராவை இது உலுக்கிவிட்டது. பெரியவர்களை மனதில் வைத்துக் கட்டிய புற்றுநோய் வார்டில் ஒரு குழந்தை எப்படி நாளைக் கழிக்கும்? வலியைப் பார்க்க டாக்டர் இருக்கிறார், பயத்தைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விகளோடு தங்கையின் பெயரிலேயே ஒரு சங்கத்தைத் தொடங்கினார். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சியும், மருத்துவமனையில் அந்தக் குழந்தைகளின் மனநலமும்தான் சங்கத்தின் வேலை. கடைசி வரை இதை அவர் கைவிடவே இல்லை.

சரி, இதிலிருந்து அணு உலை எதிர்ப்புக்கு எப்படிப் போனார்? புற்றுநோய், கதிர்வீச்சு என்று தேடித்தேடிப் படித்ததில், குறைந்த அளவு கதிர்வீச்சுகூட உடம்பை என்ன செய்யும் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அணு ஆயுதச் சோதனை, யுரேனியச் சுரங்கம், அணு உலை என்று அடுத்தடுத்துப் போனார். தங்கைக்கு வந்த நோயையும் அணு உலையையும் இணைக்கும் ஆதாரம் ஏதும் கிடையாது. ஆனா, ஒரு தொழிலால் மக்களின் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை அந்தத் தொழில் நடத்துபவர்களே முடிவு செய்யக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உறுதியானது.

ஊர்க்காரர்கள் நிறுத்திய அணு உலை

1971 முதல் பெட்ராவுக்கு பிரஸ்ஸல்ஸில் வேலை. ஐரோப்பிய சமூகத்தின் அலுவலகத்தில் நல்ல உத்தியோகம். வார நாட்களில் ஃபைல் பார்ப்பார். லீவு கிடைத்தால் ரயில் ஏறி ஜெர்மனியில் எங்கே கூட்டம் நடக்கிறதோ அங்கே போய்விடுவார்.

அப்போது ஜெர்மனியில் ஒரு புது விஷயம் நடந்துகொண்டிருந்தது. எந்தக் கட்சியும் சாராமல், ஊர் மக்களே தங்கள் ஊர்ப் பிரச்சினைக்காகக் குழு அமைத்துப் போராடினார்கள். இதில் பெரிய திருப்புமுனை பிரான்ஸ் எல்லையை ஒட்டிய வீல் என்ற கிராமம். அங்கே அணு உலை கட்ட முடிவு செய்தது அரசு. 1975 பிப்ரவரியில் திராட்சைத் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் மாணவர்களும் சேர்ந்து கட்டுமான இடத்துக்குள்ளேயே போய் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். வீலில் அணு உலை கடைசி வரை கட்டப்படவே இல்லை.

இது பெட்ராவின் அரசியலையே மாற்றியது. தலைநகரில் எடுக்கிற முடிவை ஒரு கிராமம் மாற்ற முடியும் என்றால், அரசியல் தொடங்க வேண்டிய இடம் கிராமம்தானே? இப்படிப்பட்ட குழுக்களை நாடு முழுக்க இணைக்கும் கூட்டமைப்பின் நிர்வாகத்திலும் அவர் இடம்பெற்றார்.

அதுவரை அவர் இருந்தது ஆளும் சமூக ஜனநாயகக் கட்சியில். அணுசக்தி, மக்கள் உடல்நலம், பெண்கள் விஷயத்தில் கட்சியின் போக்கு பிடிக்காமல், 1979-ல் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டு வெளியேறினார். அதே ஆண்டு நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பசுமைப் பட்டியலின் முதல் வேட்பாளர் அவர்தான். கிடைத்தது 3.2 சதவீத ஓட்டு. அப்போது ஜெர்மனியில் இந்தத் தேர்தலுக்கும் 5 சதவீதம் தேவைப்பட்டது. அதனால் சீட் இல்லை. ஆனா வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப அரசு கொடுக்கும் தேர்தல் நிதி வந்தது. 1980 ஜனவரியில் கார்ல்ஸ்ரூ நகரத்தில் பசுமைக் கட்சி முறைப்படி உருவானது.

எம்.பி. பதவி 2 ஆண்டு மட்டும்!

கட்சிக்கு நான்கு தூண்கள். சுற்றுச்சூழல், சமூக நீதி, வன்முறை இல்லாத வழி, அடித்தட்டு ஜனநாயகம். நான்காவதுதான் மற்ற கட்சிகளைத் திகைக்க வைத்தது.

அப்படி என்ன செய்தார்கள்? எம்.பி. சம்பளத்தில் ஒரு திறன்மிக்க தொழிலாளிக்குக் கிடைக்கும் அளவை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சுற்றுச்சூழல் நிதிக்குக் கொடுக்கணும். கட்சிப் பதவியும் எம்.பி. பதவியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது சுழற்சி முறை. நான்கு ஆண்டுப் பதவியில் இரண்டு ஆண்டு முடிந்ததும் எழுந்துபோய் அடுத்தவருக்கு இடம் விடணும். தலைவர்கள் முளைத்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

1983 மார்ச் 6 தேர்தலில் இந்தக் கட்சிக்கு 5.6 சதவீத ஓட்டு, 27 சீட். பெட்ரா எம்.பி. ஆனார்.

கேமராவை அவர் பயன்படுத்திய விதம்

அமெரிக்காவில் வளர்ந்ததால் ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. வெளிநாட்டு நிருபர்கள் எல்லாம் அவரைத்தான் தேடினார்கள். அந்தப் புகழை எங்கே பயன்படுத்தணும் என்று பெட்ராவுக்குத் தெரிந்திருந்தது.

1983 மே 12. கம்யூனிச ஆட்சி நடந்த கிழக்கு பெர்லினின் மையமான அலெக்சாண்டர் சதுக்கத்தில், பசுமைக் கட்சியினர் சிலரோடு சேர்ந்து அணு ஆயுதத்துக்கு எதிராக பேனர் பிடித்தார். போலீஸ் பிடித்துக்கொண்டு போய் பிறகு விட்டது. அதே அக்டோபரில் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் எரிக் ஹோனெக்கரையே நேரில் சந்தித்தார். அப்போது அவர் போட்டிருந்த பனியனில், வாளை அடித்துக் கலப்பையாக்கும் மனிதனின் உருவம். அங்கே அரசு சாராத அமைதி இயக்கத்தினர் அணிந்ததற்காகத் தொல்லை அனுபவித்த அதே சின்னம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த உருவம் சோவியத் யூனியன் ஐ.நா. சபைக்குப் பரிசாகக் கொடுத்த சிலையிலிருந்து எடுத்தது!

அந்த ஊரில் ஒரு சாதாரண இளைஞர் அதைப் போட்டால் படிப்பு போகும், வேலை போகும். பெட்ரா போட்டால் அது செய்தி. தன் முகத்துக்குக் கிடைத்த வெளிச்சத்தை, முகம் காட்ட முடியாதவர்கள் பக்கம் திருப்பினார். திபெத் விவகாரத்திலும், தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராகவும் அவர் செய்தது இதையேதான்.

எந்தப் பாலைக் குடிப்பது?

1986 ஏப்ரல் 26. செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிரியக்க மேகம் பல எல்லைகளைத் தாண்டி ஜெர்மனிக்கும் வந்தது. மழை பெய்த பவேரியாவில் பாதிப்பு அதிகம். குழந்தைகள் மணலில் விளையாடலாமா, கீரை சாப்பிடலாமா, எந்தப் பாலைக் குடிப்பது என்று வீட்டுக்கு வீடு பதற்றம்.

இங்கேதான் ஒரு குழப்பம். ஒரு லிட்டர் பாலில் 500 பெக்கரல் அயோடின் கதிரியக்கம் வரை பரவாயில்லை என்றது மத்திய அரசு. பசுமைக் கட்சியும் ஆட்சியில் பங்கு வகித்த ஹெஸ்ஸே மாநிலமோ 20-தான் எல்லை என்றது. ஒரே நாடு, ஒரே பால், இரண்டு அளவு. அம்மாக்கள் யாரை நம்புவது?

பெட்ரா பல ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருந்த விஷயம், மேடையிலிருந்து இறங்கி எல்லார் வீட்டுச் சமையலறைக்கும் வந்துவிட்டது. உடல்நலம், உண்மைத் தகவல், உள்ளூர் மக்களின் அதிகாரம். மூன்றும் தனித்தனி இல்லை என்று ஒரு டம்ளர் பால் காட்டிவிட்டது. அடுத்த ஜனவரியில் நடந்த தேர்தலில் பசுமைக் கட்சியின் ஓட்டு 8.3 சதவீதமாக ஏறியது.

சொந்தக் கட்சியே ஒதுக்கியது ஏன்?

ஆனா கட்சிக்குள் பெட்ரா தனித்துப்போயிருந்தார். 1985-ல் சுழற்சி முறைப்படி அவர் எம்.பி. பதவியை விட்டிருக்கணும். விடவில்லை. வேலையைக் கற்றுக்கொள்ளவே இரண்டு ஆண்டு ஆகிறது, எடுத்த விஷயங்களைப் பாதியில் விட முடியாது என்பது அவர் வாதம். விதியை எழுதியவர்களில் ஒருவரே அதை மீறினால் அடித்தட்டு ஜனநாயகம் என்ன ஆவது என்பது கட்சிக்காரர்களின் கேள்வி.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கேமரா ஒரு முகத்தைக் கேட்கிறது, கட்சியோ முகமே வேண்டாம் என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டார் பெட்ரா. உலகம் முழுவதிலிருந்தும் வந்து குவியும் கடிதங்கள், ஓயாத பயணம், சரியில்லாத உடம்பு. தோள் கொடுக்க ஆள் குறைவு.

1990 டிசம்பரில், ஒன்றுபட்ட ஜெர்மனியின் முதல் தேர்தல். நாடே இணைப்பைப் பற்றிப் பேச, பசுமைக் கட்சி பருவநிலையைப் பற்றிப் பேசியது. மேற்குப் பகுதியில் 4.8 சதவீதம். வெறும் 0.2 சதவீதத்தில் எல்லா சீட்டும் போச்சு. பெட்ராவும் வெளியே. 1991-ல் கட்சியின் தலைமைப் பொறுப்புக்குப் போட்டியிட்டார். கிடைத்த ஓட்டு மிகச் சொற்பம். அதே ஆண்டில் அந்தச் சுழற்சி முறையையும் கட்சி கைவிட்டது!

1992-ல் சாட் 1 என்ற தனியார் சேனலில் சுற்றுச்சூழல் நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து வழங்கினார். அதுவும் நீடிக்கவில்லை.

அந்த வீட்டுக்குள் நடந்தது என்ன?

பெட்ராவின் துணைவர் கெர்ட் பாஸ்டியன். முன்னாள் ராணுவ ஜெனரல். அணு ஏவுகணைகளை எதிர்த்து ராணுவத்தை விட்டு வந்தவர், பசுமைக் கட்சி எம்.பி.யாகவும் இருந்தவர்.

1992 அக்டோபர் 19-ல் பான் நகர வீட்டில் இருவரின் உடல்களும் கண்டெடுக்கப்பட்டன. இறந்தது அக்டோபர் 1-ஆம் தேதி வாக்கில் என்று கணக்கிடப்பட்டது. தூங்கிக்கொண்டிருந்த பெட்ராவை பாஸ்டியன் துப்பாக்கியால் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார் என்பது போலீஸ் விசாரணையின் முடிவு. பெட்ராவுக்கு வயது 44.

இருவரும் பேசி வைத்து எடுத்த முடிவு என்றுதான் ஆரம்பத்தில் பலரும் பேசினார்கள். பெட்ரா அதற்குச் சம்மதித்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கடிதமும் இல்லை. தூக்கத்தில் இருந்த ஒருவர் எந்த முடிவையும் எடுத்திருக்க முடியாது. அது கொலை. பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றி ஆயுள் முழுக்கப் பேசியவரின் மரணத்தைச் சோகக் காதல் கதையாகச் சொல்வது, அவருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

அவர் விட்டுப்போனது

பசுமைக் கட்சி 1998-ல் ஜெர்மனியின் ஆட்சியிலேயே பங்கேற்றது. 2023 ஏப்ரல் 15-ல் நாட்டின் கடைசி மூன்று அணு உலைகளும் நிறுத்தப்பட்டன. பான் நகரத்தில் இன்று அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

அணு உலையை மூடியது சரியா தவறா என்று ஜெர்மனியில் இன்றும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. நடக்கட்டும். அந்த விவாதத்தில் குழந்தையின் உடம்பையும், ஊர்க்காரர்களின் குரலையும், மறைக்காத தகவலையும் ஓரம் தள்ள முடியாமல் செய்தவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் பெட்ரா கெல்லி. அவர் கேட்ட கேள்விகள் பத்து வயதுத் தங்கையின் கட்டிலருகே தொடங்கியவை.