கபிலர்: பூவைச் சொல்லிக் காதலைச் சொன்னவர்



நம்மில் சிலர் ஒரகடம் பக்கம் ஜப்பானியக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறோம். ஹிரோஷிகே போன்ற பழைய ஓவியர்களின் மரக்கட்டை அச்சுப் படங்களைக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். செர்ரி பூத்தால் வசந்தம், மேப்பிள் இலை சிவந்தால் இலையுதிர்காலம், ஜோடி வாத்து நீந்தினால் பிரியாத தம்பதி.

இந்தக் குறிப்பு மொழி நமக்கும் புதிதல்ல. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே சங்கப் புலவர்கள் அதைப் பாட்டில் வைத்தார்கள். முல்லை என்றால் கார்காலம், கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவி. குறிஞ்சி என்றால் மலை, குளிர்காலம், நள்ளிரவு, காதலர் கூடல். அந்தக் குறிஞ்சியைப் பாடுவதில் தலைசிறந்தவர் கபிலர்.

ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழின் அருமையைக் காட்டவே அவர் குறிஞ்சிப்பாட்டை இயற்றினார் என்பார்கள். 261 அடிகள். தினைப்புனம் காக்கும் பெண்கள் அருவியில் குளித்து, பூப்பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன! பிறகுதான் காதலன் வருகிறான். ஐங்குறுநூற்றில் குறிஞ்சிக்கு உரிய 100 பாடல்களும் இவருடையவையே.

கூடலைப் பாடியவரின் வாழ்க்கை பிரிவில்தான் முடிந்தது. முல்லைக் கொடி படரத் தன் தேரையே விட்டுச்சென்ற பறம்பு மலைப் பாரிதான் அவருடைய உயிர் நண்பர். இன்றைய சிவகங்கை மாவட்டப் பிரான்மலையே அந்தப் பறம்பு என்கிறார்கள். மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டனர். பாரி மாண்டான்.

கபிலர் அழுதுகொண்டு உட்காரவில்லை. தந்தையை இழந்த இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். விச்சிக்கோனிடம் போய் மணந்துகொள்ளக் கேட்டார், நடக்கவில்லை. இருங்கோவேளிடம் போனார், அவனும் மறுத்தான். அரசர்கள் கொண்டாடிய புலவர், நண்பனின் பிள்ளைகளுக்காக வாசல் வாசலாக நின்றார். கடைசியில் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பான இடம் தேடிக் கொடுத்த பிறகே நண்பனைப் பின்தொடர்ந்தார். வடக்கிருந்து உயிர் விட்டார் என்பது ஒரு மரபு. திருக்கோவிலூர்க் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, பாரி மகளை மலையருக்குக் கொடுத்துவிட்டு அவர் தீயில் புகுந்ததாகச் சொல்கிறது.

அங்கே தென்பெண்ணை ஆற்றின் நடுவே ஒரு பாறை நிற்கிறது. பெயர் கபிலர் குன்று. நம் தண்டலத்திலிருந்து காலையில் காரில் கிளம்பினால் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். வழியில் தெரியும் பூக்களின் பெயர்களைக் கேளுங்கள். 99 வேண்டாம், ஒன்பது சொன்னாலே பரிசு கொடுக்கலாம்!