நிதியும் சட்டமும் பயின்ற அண்ணல்

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டச் சிற்பி என்றே நாம் மேடைதோறும் போற்றி வருகின்றோம். அவர் நிதியியலில் துறைபோகிய பேரறிஞர் என்பதையும், வணிகச் சட்டம் கற்பித்துக் குடும்பம் நடத்தியவர் என்பதையும் அறிந்த இளைஞர் நம்முள் சிலரே.

1891 ஏப்ரல் 14 அன்று பிறந்த அவர், பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913இல் நியூயார்க் சென்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசான், அரசாங்க வரவு செலவு பற்றிய கல்வியில் வல்லவரான செலிக்மன். 1916இல் இலண்டன் பொருளியற் கல்லூரியிலும், பாரிஸ்டர் படிப்பிற்காகக் கிரேஸ் இன் கழகத்திலும் ஒருசேரச் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் இரண்டையும் இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது.

பின்னாளில் நிதியமைச்சராக்கும் எண்ணத்துடன் மன்னர் பரோடாவில் பதவி அளித்தார். ஆனால் ஏவலர்கள் கோப்புகளைக் கையில் தராமல் எறிந்தனர். தங்கவும் இடம் கிடைக்கவில்லை. பம்பாய் திரும்பிய அண்ணல், பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் எனத் தெரிந்ததும் வணிகர் வரவு நின்றது, நிலையமும் மூடப்பட்டது. இலாபத்தையே தெய்வமாகக் கொண்டோர், இலாபத்திற்கு வழி சொல்பவரின் பிறப்பை விசாரித்த விந்தையை என்னென்பது!

1918 நவம்பரில் சிடன்ஹாம் வணிகவியற் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் பொதுக் குடத்து நீரை அவர் அருந்துவதற்கு உடன் பணிபுரிந்தோர் சிலர் தடை கூறினர். ஊதியத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் மன்னரின் உதவியும் நண்பர் ஒருவரின் கடனும் சேர்த்து, 1920இல் மீண்டும் இலண்டன் ஏகினார். 1922இல் பாரிஸ்டர், 1923இல் டி.எஸ்ஸி. பட்டம். ரூபாயின் சிக்கல் பற்றியதே அவ்வாய்வு. அரசு விரும்பியபடி நாணயம் பெருகினால் அதன் மதிப்புச் சரியும், விலைவாசி ஏறும்; ஆகவே வெளியீட்டிற்கு வரம்பு வேண்டும் என்பது அவர் முடிபு. விலையேற்றம் வணிகருக்கு ஆதாயமாகலாம். கூலி வாங்குவோன் வயிற்றிலன்றோ அது அடிக்கும்! இக்கருத்துகளை ஹில்டன் யங் ஆணையத்தின் முன்னும் சாட்சியமாக எடுத்துரைத்தார். ரிசர்வ் வங்கியே அவர் நூலிலிருந்து பிறந்தது என முழங்குவாரும் உளர். அத்துணை மிகைப்படுத்த வேண்டுவதில்லை. உள்ள பெருமையே போதும்.

உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொழில் தொடங்கியபோது சாதி மறுபடியும் குறுக்கிட்டது. சொலிசிட்டர்கள் வழக்குத் தர முன்வரவில்லை. 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியற் பயிற்சி நிலையத்தில் பகுதிநேர ஆசிரியராக வணிகச் சட்டம் கற்பித்தார். ஒப்பந்தமும் கூட்டு வாணிபமும் உண்டியலும் பணம் நடக்கும் வழிகள்; பணத்தின் இயல்பறிந்த வழக்கறிஞர்க்கே அச்சட்டம் முழுதும் விளங்கும். நம் பிள்ளைகளுள் பி.ஏ., பி.எல். முடித்தோர் பலர் உளர். முதலீடும் தொழில் நிதியும் கற்றுக் கம்பெனிச் சட்டத்தில் புகுந்தோர் எத்தனை பேர்?

1945இல் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம், 1953இல் பம்பாயில் வணிகவியலுக்கும் பொருளியலுக்கும் சித்தார்த்தா கல்லூரி ஒன்றைத் திறந்தது. 1956இல், அவர் மறைந்த அதே ஆண்டில், சட்டக் கல்லூரியையும் தொடங்கியது.