பசித்தவர் பக்கம் நின்ற வள்ளல்

தென்னார்க்காட்டு மண்ணில் கொடையாளர் பலர் தோன்றியுள்ளனர். ஆயினும் கொடையைக் கொடுப்பவர் நிலையிலிருந்து நோக்காமல், பெறுபவர் நிலையிலிருந்து நோக்கி, அதற்கென ஓர் அமைப்பையும் கண்டவர் இராமலிங்க அடிகளார். கடலூர்ச் செம்மண்டலம் முதல் சிதம்பரம் ஈறாகப் பரந்து கிடக்கும் இப்பகுதியில் வாழும் நாம், அவரைப் பெரும்பாலும் திருவருட்பாவின் ஆசிரியராகவே அறிவோம். அறநிலையம் ஒன்றின் நிறுவுநராக அவர்தம் வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

இளமையும் துறவும்

சிதம்பரத்திற்கு அணித்தாகிய மருதூரில் 1823 அக்டோபர் 5ஆம் நாள் இராமையா பிள்ளை, சின்னம்மையார் ஆகியோரின் ஐந்தாம் மகவாக அடிகளார் தோன்றினார். தந்தையார் ஊர்க் கணக்கர், சிறுவர்க்கு எழுத்தறிவித்தவர். அடிகளார் கைக்குழந்தையாக இருந்த காலத்திலேயே அவர் மறைந்தார். தாயார் மக்களை அழைத்துக்கொண்டு பொன்னேரிப் பகுதிக்கும், பின்னர்ச் சென்னைக்கும் குடிபெயர நேர்ந்தது. தமையனார் சபாபதி சொற்பொழிவாற்றி ஈட்டிய பொருளே குடும்பத்தைத் தாங்கிற்று. ஆதரவிழந்த இல்லத்தின் துயரை அடிகளார் ஏட்டில் மட்டும் கற்றவரல்லர் என்பதை இதனால் உணரலாம்.

சென்னையில் அவர் நூற்பதிப்பாசிரியராகவும் உரைநடையாளராகவும் விளங்கினார். மனுமுறை கண்ட வாசகம் 1854இல் வெளிவந்தது. பின்னர் நகர வாழ்வை நீத்துத் தம் பிறந்த நாட்டுக்கே மீண்டு, வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். 1865இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் திருவருட்பா 1867இல் அச்சேறியது. அதே ஆண்டில்தான் அடிகளாரின் பேரறச் செயலும் உருப்பெற்றது.

தருமச்சாலை

1866இல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் வடபகுதியையும் கொடிய பஞ்சம் வாட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1867 மே 23ஆம் நாள், வடலூரில் தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அதற்கு நிலம் தந்தவர் மன்னரோ ஜமீன்தாரோ அல்லர். பார்வதிபுரம் ஊரார் தமக்குரிய ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். ஒருவர் உள்ளத்தில் எழுந்த இரக்கம் ஓர் ஊரின் பொதுச் சொத்தாக மாறிய வரலாறு இது. இருபத்தோரடி நீளமும், இரண்டரை அடி அகலமும், அதே அளவு ஆழமும் உடையதாக அமைந்த அடுப்பில் அன்று ஏற்றிய தீ இன்றளவும் அணையாது பேணப்பட்டு வருகிறது.

உணவோடு அவர் திட்டம் நின்றுவிடவில்லை. சாலையைச் சார்ந்து வைத்தியசாலை, சாத்திரசாலை, உபகாரசாலை, விருத்திசாலை, விவகாரசாலை முதலியனவும் அமைய வேண்டுமெனத் தம் அறிவிப்பில் குறித்தார். பிணி, கல்வியின்மை, வறுமை, வழக்கு ஆகிய யாவும் எளியோரை ஒருங்கே சூழ்வன என்பதை அவர் நன்கறிந்திருந்தார். அவற்றுள் பசியே முதலில் தீர்க்கத்தக்கது என்பது அவர் துணிபு.

தகுதி யாது?

அறம் செய்வார் அனைவரையும் எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. யாருக்குக் கொடுப்பது? கேட்பவர் தக்கவர்தாமா? ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் அடிகளார் இதற்கு விடை பகர்ந்துள்ளார். நாடு, சமயம், சாதி, நடத்தை முதலியவற்றை ஆராயாது, பசித்தவரைப் பசித்தவராகவே கண்டு உணவளிக்க வேண்டும் என்பதே அவ்விடை. வாய்திறந்து கேட்க நாணித் தம்முள்ளே வருந்தும் மானமுடையோரையும் அவர் தனியே எண்ணிப் பார்த்தார்.

இவ்விடத்து நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அடிகளார் புலால் மறுத்தலில் சிறிதும் தளராதவர். 1872இல் வழிபாடு தொடங்கிய சத்திய ஞானசபையினுள் புகுவதற்குக் கொலையும் புலாலும் தவிர்த்திருத்தலை நிபந்தனையாக்கியவர். எனினும் புலால் உண்பவரும் பசித்து வந்தால் அவர் பசியைத் தீர்க்கவே வேண்டும் என விதித்தார். தம் கொள்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதனைச் சோற்றுக்கு விலையாக்கவும் இல்லை. கொள்கை வேறுபட்டோருடன் நாம் எங்ஙனம் வாழ்வது என்பதற்கு இதனினும் தெளிந்த வழிகாட்டல் வேண்டுமோ?

மறைவுக்குப் பின்

1870இல் மேட்டுக்குப்பம் சென்று தங்கிய அடிகளார், 1874 சனவரி 30ஆம் நாள் ஆங்கோர் அறையினுள் புகுந்தார், பின்னர் வெளிவரவில்லை. அன்பர்கள் அதனைச் சித்தி எனப் போற்றுவர்.

இரண்டாண்டுகள் கழிந்தன. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் பற்றியது. பல இலட்சம் உயிர்கள் மாண்டன. 1877இல் ஆங்கில அரசின் சார்பில் வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் உழைக்கும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதுமென வரையறுத்தார். அது உயிர் தாங்கப் போதாதென மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். செலவைச் சுருக்குவதற்காகத் தகுதியை அளந்த நிருவாகம் ஒருபுறம். பசி ஒன்றையே தகுதியாகக் கொண்ட சிற்றூர் அடுப்பு மறுபுறம். அளவில் இரண்டும் ஒப்பிடத்தக்கன அல்ல. ஆனால் எந்த நெறி மனிதரை மனிதராக மதித்தது என்பது வெளிப்படை.

நிறுவியவர் மறைந்ததும் நலிந்த அறங்கள் பல. வடலூர்ச் சாலை நிலைத்ததற்கு நிலக்கொடை ஒரு காரணம். ஆண்டுதோறும் அரிசியும் பொருளும் வழங்கிவரும் எளிய மக்கள் மற்றொரு காரணம். இன்று அந்நிலையம் தமிழக அரசின் இந்து சமய அறநிலையத்துறை நிருவாகத்தில் உள்ளது. அவர் பிறந்த நாள் தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிக்கப்படுமென 2021இல் அரசு அறிவித்தது.

அறக்கட்டளையாயினும், சங்கமாயினும், ஜமாஅத்தாயினும், எளியோர்க்கு உதவ முன்வரும் அமைப்பு எதுவும் விண்ணப்பங்களை ஆராய்ந்தே தீரவேண்டியுள்ளது. பொதுப்பணத்திற்குக் கணக்கு வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாராய்ச்சி வந்தவரின் மானத்தைக் குலைக்கிறதா, கேட்க நாணி வாராதவரை மறந்துவிடுகிறதா என்று நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் கடனாகும். கைம்பெண்ணின் வீட்டு அரிசிப்பானையும், கட்டணம் செலுத்த இயலாது வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவனின் மௌனமும் நம் கண்ணில் படவேண்டும். அவர்கள் கேட்குமுன் நம் கை நீளுமாயின், அடிகளார் வாழ்வைக் கற்றதன் பயனை நாம் பெற்றவராவோம்.