இருபத்தொன்பதாம் தொகுதியின் பஞ்சாப் விவசாயி

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல்களை நம் ஊடகங்கள் நாள்தோறும் அலசுகின்றன. அந்நாட்டின் காங்கிரஸ் தொகுதிகளில் ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் தேர்தல்களோ நம் கவனத்திற்கு வருவதில்லை. ஆயினும் ஒரு மக்களாட்சி யாரைத் தன் குடிமகனாக ஏற்கிறது, யாரை வாசலிலேயே நிறுத்துகிறது என்பதை அறிய அத்தகைய தொகுதித் தேர்தல் ஒன்றே போதும். கலிபோர்னியாவின் 29-ஆவது தொகுதியில் 1956-இல் நடந்த தேர்தலை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அதில் வென்றவர் தலீப் சிங் சௌந்த்.

அமிர்தசரஸ் மாவட்டத்தின் சஜல்வாடி கிராமத்தில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று பிறந்தவர் அவர். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1919-இல் பட்டம் பெற்றார். அவருடைய மாவட்டத் தலைநகரில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்ததும் அதே ஆண்டில்தான். உணவைப் பதப்படுத்தும் தொழில்நுட்பத்தைக் கற்றுத் தாயகம் திரும்பித் தொழில் தொடங்கும் எண்ணத்துடன் 1920-இல் அமெரிக்கா சென்றார். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவரை மீண்டும் கணிதமே ஈர்த்துக்கொண்டது. 1924-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆனால், அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய எதிர்காலத்தை ஒரு தீர்ப்பு நிர்ணயித்துவிட்டது. அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் தொடர்பான வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர். ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று 1923 பிப்ரவரியில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அறிவித்தது. குடியுரிமைக்குத் தகுதியற்றோர் விளைநிலத்தை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது என்று கலிபோர்னிய மாநிலச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்தது. இவ்விரண்டும் சேர்ந்து கல்லூரியின் கதவையும் கழனியின் கதவையும் ஒருசேர அடைத்தன. கணித முனைவர் இம்பீரியல் பள்ளத்தாக்குக்குச் சென்று, பருத்தி பறிக்கும் கூலியாட்களை மேற்பார்க்கும் மேஸ்திரியானார்.

பொருளியல் வகுப்பில் மனித மூலதனம் பற்றிப் பல்லாண்டு கற்பித்தவன் நான். கல்விக்கேற்ற வருவாய் கிடைக்கும் என்பது பாடநூல் கூறும் விதி. அவ்விதி செயல்படுவதற்குச் சட்டம் முதலில் வழிவிட வேண்டும் என்பதைப் பாடநூல்கள் ஓரக்குறிப்பாகவே சொல்லிச் செல்கின்றன. அந்தக் குறிப்பை விளக்க வேண்டிய போதெல்லாம் நான் மாணவர்களுக்குச் சொன்னது சௌந்தின் கதையைத்தான்.

இம்பீரியல் பள்ளத்தாக்கு ஒரு பாலைநிலம். கொலராடோ ஆற்றின் நீரைக் கால்வாயில் கொணர்ந்து அதை விளைநிலமாக்கியிருந்தார்கள். அங்கே நண்பர்களின் பெயரில் குத்தகை எடுத்து, கீரையும் பிறவும் பயிரிட்டார் சௌந்த். செக் நாட்டுக் குடியேறிகளின் மகளான மரியன் கோசாவை 1928-இல் மணந்தார். குடியுரிமைக்குத் தகுதியற்ற அயலவரை மணக்கும் அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையையே பறிக்கும் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. இந்தியாவை இழிவுபடுத்தி கேத்தரின் மேயோ எழுதிய நூலுக்கு மறுப்பாக 1930-இல் ஒரு நூலும் எழுதினார். பெருமந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தபோது பெருங்கடனில் மூழ்கினார். திவால் அறிவித்துத் தப்பிக்கச் சட்டம் இடமளித்தும் அவர் அதை நாடவில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கடனை அடைத்தார். அந்த நாணயமே பின்னாளில் அவருக்கு வாக்காக மாறியது என்பது என் கணிப்பு.

இந்தியருக்குக் குடியுரிமை கோரி 1940-களில் அமைப்பு கட்டி, நிதி திரட்டி அவர் பாடுபட்டார். இரு கட்சிகளைச் சேர்ந்த கிளேர் பூத் லூஸும் இமானுவல் செல்லரும் முன்னெடுத்த சட்டத்தில் 1946 ஜூலை 2 அன்று அதிபர் ட்ரூமன் கையொப்பமிட்டார். ஆண்டுக்கு 100 இந்தியர் மட்டுமே குடியேறலாம் என்ற கஞ்சத்தனம் அச்சட்டத்தில் இருந்தது. ஆயினும், ஏற்கெனவே அங்கு வாழ்ந்தோருக்குக் குடியுரிமையின் வழி திறந்தது. 1949 டிசம்பரில் சௌந்த் அமெரிக்கக் குடிமகனானார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. அந்நாட்டில் கால்வைத்து 29 ஆண்டுகள் கடந்திருந்தன.

மறு ஆண்டே வெஸ்ட்மோர்லண்ட் என்ற சிற்றூரின் நீதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டு வென்றார். தேர்தலின்போது குடியுரிமை பெற்று ஓராண்டு நிறையவில்லை எனக் கூறிப் பதவியை மறுத்தார்கள். அவர் மனம் சோரவில்லை. 1952-இல் மீண்டும் நின்று, வென்று, அதே இருக்கையில் அமர்ந்தார்.

ரிவர்சைடு, இம்பீரியல் ஆகிய இரு மாவட்டங்களை உள்ளடக்கியது 29-ஆவது காங்கிரஸ் தொகுதி. அங்கு உறுப்பினராக இருந்த குடியரசுக் கட்சியின் ஜான் பிலிப்ஸ் 1956-இல் ஓய்வு பெற முடிவெடுத்தார். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முன்வந்தார் சௌந்த். முதற்கட்டத் தேர்தலில் அவரை எதிர்த்த சொந்தக் கட்சி வழக்குரைஞர் கார்ல் கெக்லி, குடியுரிமைக் காலம் போதாதென்று நீதிமன்றத்தை நாடினார். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஏழாண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசமைப்பு. சௌந்துக்கு ஏழாண்டு நிறைவது 1956 டிசம்பரில். பதவியேற்பது 1957 ஜனவரியில். கணக்கு சரியாகவே இருந்தது. வழக்கு நிற்கவில்லை; கெக்லியும் தோற்றார்.

பொதுத் தேர்தலில் எதிர்நின்றவர் எளியவர் அல்லர். ஒலியின் வேகத்தைக் கடந்து விமானம் செலுத்திய முதல் பெண்மணியான ஜாக்குலின் காக்ரன், வறுமையில் பிறந்து தன் முயற்சியால் உயர்ந்தவர். கணவர் ஃபிளாய்டு ஓட்லம் பெருஞ்செல்வர். அதிபர் ஐசனோவர் குடும்ப நண்பர். காக்ரன் தம் விமானத்தைத் தாமே ஓட்டிச்சென்று வாக்குக் கேட்டார். சௌந்தின் மனைவியும் பிள்ளைகளும் வீடு வீடாக ஏறி இறங்கி, புதிய வாக்காளர்களைப் பதிவு செய்தார்கள். நவம்பர் 6 அன்று ஐசனோவர் நாட்டையும் கலிபோர்னியாவையும் வென்றார். அதே நாளில் இத்தொகுதி ஏறத்தாழ மூன்று சதவீத வாக்கு வேறுபாட்டில் சௌந்தைத் தேர்ந்தெடுத்தது. ஆசியாவில் பிறந்த ஒருவர் அமெரிக்கக் காங்கிரஸில் வாக்குரிமையுள்ள உறுப்பினரானது அதுவே முதல் முறை.

முதல் பருவத்திலேயே வெளியுறவுக் குழுவில் இடம்பெற்றார். 1957-இல் ஆசியப் பயணத்தின்போது தாயகத்திற்கும் வந்தார். அவ்வாண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை ஆதரித்தார். 1958-இலும் 1960-இலும் மீண்டும் வென்றார். 1962 மே மாதம் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. பரப்புரைக்கே செல்ல இயலாத நிலையில் அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றார். 1973 ஏப்ரல் 22 அன்று காலமானார். அவருக்குப் பின் இந்திய வம்சாவளியினர் ஒருவர் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட 2004 வரை, பாபி ஜிண்டால் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

நம்மவர் வென்றார் என்று மகிழ்வதோடு இக்கதையை நாம் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அத்தொகுதியில் இந்தியர் மிகச் சிலரே. அவருக்கு வாக்களித்தோர் அவருடைய பிறப்பைக் கண்டு வாக்களிக்கவில்லை. முப்பதாண்டுகள் தங்களோடு வெயிலில் நின்றவர், தண்ணீரின் அருமையும் கடனின் வலியும் அறிந்தவர் என்றே வாக்களித்தார்கள்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. அவர் காங்கிரஸில் இருந்த காலத்தில் அப்பள்ளத்தாக்கின் அறுவடை, ஒப்பந்தத்தின்பேரில் மெக்சிகோவிலிருந்து வந்து திரும்பும் கூலித் தொழிலாளரை நம்பியே நடந்தது. அவர்களுக்கு வாக்கு இல்லை. வாக்கு உள்ள பண்ணையாரின் குரல் வாஷிங்டனை எட்டியது. வாக்கில்லாத கூலியின் குரல் வயலோடு நின்றது. 29 ஆண்டுகள் வாக்கின்றி வாழ்ந்தவரின் தொகுதியிலேயே இதுதான் நிலை. இது அவர்மீதான குற்றச்சாட்டு அன்று. தொகுதிவாரிப் பிரதிநிதித்துவத்தின் எல்லை.

புலம்பெயர் தொழிலாளர் இன்றி நம் மாநிலத்தின் கட்டுமானமோ பின்னலாடைத் தொழிலோ இயங்காது. அவர்களில் பலருக்கு இங்கே வாக்கில்லை. தேர்தல் நாளில் சொந்த ஊர் செல்லக் கைப்பணமும் இல்லை. அவர்களுக்குள் எத்தனை சௌந்துகள் மேஸ்திரிகளாகவே நின்றுவிட்டார்கள் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் நமக்குச் சொல்லப்போவதில்லை.