விரலை அசைக்க முடியாத ‘சூப்பர்மேன்’ சைக்கிள் மிதித்தது எப்படி? கிறிஸ்டோபர் ரீவ் கதை

1978-ல் வெளியான ‘சூப்பர்மேன்’ படத்தில் வானத்தில் பறந்தவர் கிறிஸ்டோபர் ரீவ். அடுத்து வந்த மூன்று பாகங்களிலும் அவர்தான் ஹீரோ. ஆனால், நிஜத்தில் ஒரே ஒரு விரலை அசைக்க அவர் ஐந்து வருஷம் போராட வேண்டியிருந்தது.

என்ன நடந்தது?

1952-ல் நியூயார்க்கில் பிறந்த ரீவுக்குக் குதிரைச் சவாரி என்றால் கொள்ளைப் பிரியம். 1995 மே 27 அன்று வர்ஜீனியாவின் கல்பெப்பரில் நடந்த போட்டியில், தடையைத் தாண்ட வேண்டிய குதிரை சட்டென நின்றுவிட்டது. ரீவ் தலைகுப்புற விழுந்தார். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் முறிந்து, தண்டுவடம் சேதமானது. தோளுக்குக் கீழே அசைவே இல்லை. மூச்சு விடவும் வென்டிலேட்டர். அப்போது அவருக்கு வயது 42. கடைசி மகனுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை.

மனைவி டேனா உறுதியாக உடன் நின்றார். அடுத்த வருஷமே ஆஸ்கர் மேடைக்குச் சக்கர நாற்காலியில் வந்தார் ரீவ். தண்டுவட ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு ஊர் ஊராகப் போனார்.

மூளை சொல்லாமலே மிதிக்கும் கால்

1999-ல் டாக்டர் ஜான் மெக்டொனால்டின் வழிகாட்டுதலில் தீவிரப் பயிற்சி தொடங்கியது. அதில் முக்கியமானது, மின் தூண்டல் சைக்கிள்.

தண்டுவடம் அடிபட்டால் மூளையின் கட்டளை காலுக்குப் போகாது. ஆனால், காயத்துக்குக் கீழே இருக்கும் நரம்பும் தசையும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். தொடையிலும் பிட்டத்திலும் ஒட்டிய பட்டைகள் வழியே லேசான மின்சாரம் பாய்ச்சினால் தசை சுருங்கும். பெடல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, எந்தத் தசையை எப்போது தூண்டுவது என்பதை கம்ப்யூட்டர் முடிவு செய்யும். அவ்வளவுதான், கால் தானாக மிதிக்கும்.

பலன் கிடைத்ததா?

2000-ல் இடது ஆள்காட்டி விரல் அசைந்தது. தசை பெருத்தது, எலும்பு வலுப்பெற்றது, தொடு உணர்வும் ஓரளவு திரும்பியது. 2002-ல் இது மருத்துவ இதழில் வெளியானது. ஆனாலும் இது ஒருவரின் அனுபவம். சைக்கிள்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ரீவ் இதைத் தொடங்கியது விபத்து நடந்து நாலு வருஷம் கழித்து. காயம் பட்ட சில வாரங்களிலேயே தசை கரையத் தொடங்கும், எலும்பும் வேகமாகத் தேயும். அதனால்தான் நோயாளியின் நிலை சீரானதும் சீக்கிரமே இந்தப் பயிற்சியைத் தொடங்கும் முயற்சிகள் நடக்கின்றன. எல்லோருக்கும் இது பொருந்தாது. கூடாத எலும்பு முறிவு, பேஸ்மேக்கர் இருந்தால் ஆபத்து. மேல் முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென எகிறலாம். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் கூடவே கூடாது.

நடக்கவில்லை, ஆனால்...

குணமாவதைப் பற்றியே பேசுகிறார், சாய்தளம், வேலை போன்ற அன்றாட உரிமைகளைப் பேசவில்லை என்று மாற்றுத்திறனாளிகள் சிலர் ரீவை விமர்சித்தார்கள். அதில் நியாயமும் இருந்தது.

2004 அக்டோபர் 10-ல், 52 வயதில் ரீவ் இறந்தார். கடைசிவரை அவர் எழுந்து நடக்கவில்லை. ஆனால், அடிபட்டுப் பல வருஷம் ஆனால் இனி முன்னேற்றமே இருக்காது என்ற பழைய எண்ணத்தை அந்த ஒற்றை விரல் அசைத்துப் பார்த்துவிட்டது.