தொடர்வண்டிப் பள்ளி

நுழையும்முன்
எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் பள்ளிகள் பல. தன்னை மதிக்கவும் பிறரோடு கூடி வாழவும் குழந்தையைப் பழக்கும் பள்ளிகள் சில. அத்தகைய ஒரு சிறு பள்ளியை உருவாக்கிய ஜப்பானியக் கல்வியாளர் சோசாகு கோபயாஷியின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆற்றங்கரைச் சிறுவன்
கோபயாஷி, 1893ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், டோக்கியோவுக்கு வடமேற்கே உள்ள சிற்றூர்ப் பகுதியில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஆறு பிள்ளைகளுள் இவரே இளையவர். வீட்டருகே ஓடிய ஆற்றின் கரையில் நின்று, பாயும் நீரை இசைக்குழுவாகக் கருதிக் கையசைத்து நடத்துவது இவருடைய விளையாட்டு. குடும்ப வறுமையால் தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. எனினும், துணையாசிரியராகப் பணியாற்றிக்கொண்டே ஆசிரியத் தகுதியைப் பெற்றார். பின்னர் டோக்கியோவில் பள்ளியாசிரியராக இருந்தபடியே இசை பயின்று, நாட்டின் முதன்மையான இசைக்கல்லூரியில் சேர்ந்து கற்றுத் தேர்ந்தார்.

அதன்பின் செய்கெய் தொடக்கப்பள்ளியின் இசையாசிரியரானார். அங்குக் காலையில் பாடங்கள் நடைபெற்றன. பிற்பகல் நடைப்பயணத்திற்கும் செடிகொடிகளைச் சேகரிப்பதற்கும் ஓவியத்திற்கும் பாட்டிற்கும் உரியதாக இருந்தது. கோபயாஷியின் கல்விச் சிந்தனைக்கு இப்பள்ளியே வித்திட்டது. அங்கு அவர் குழந்தைகளுக்காக எழுதிய இசைநாடகம், மிட்சுபிஷி நிறுவனத்தைத் தோற்றுவித்த குடும்பத்தைச் சேர்ந்த இவாசாகியின் மனத்தைக் கவர்ந்தது. அவருடைய உதவியால் ஐரோப்பாவில் தங்கிப் பல பள்ளிகளைக் கண்டறிந்தார். பாரிசில் தால்குரோஸ் என்னும் இசையறிஞரிடம் யூரித்மிக்ஸ் பயின்றார். தாளத்தை உடலசைவால் உணரச்செய்து உடலையும் உள்ளத்தையும் இசைவிக்கும் பயிற்சி இது. 1930இல் மீண்டும் ஐரோப்பா சென்று திரும்பியபோது, தமக்கென ஒரு பள்ளி தொடங்கும் உறுதி அவருள் வேரூன்றியிருந்தது.

டோமோயே பள்ளி
1937ஆம் ஆண்டு, டோக்கியோவின் ஜியூகவோகா பகுதியில் டோமோயே பள்ளி தொடங்கப்பட்டது. வேரூன்றி வளர்ந்த இரு மரங்களே அதன் வாயில் தூண்கள். ஓடி ஓய்ந்த ஆறு தொடர்வண்டிப் பெட்டிகளே வகுப்பறைகள். ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளே அங்குப் பயின்றனர். டோமோயே என்பது சுழன்று நிற்கும் ஒருவகைப் பழைய வடிவத்தின் பெயராகும். கருப்பும் வெள்ளையுமான இரு டோமோயேக்கள் இணைந்து வட்டமாவது பள்ளியின் சின்னம். உடலும் மனமும் ஒருசேர வளரவேண்டும் என்பது அதன் பொருள்.

அன்றைய பாடங்கள் யாவும் காலையில் கரும்பலகையில் எழுதப்படும். எதனை முதலில் தொடங்குவது என்பதைக் குழந்தையே முடிவுசெய்யும். எந்தக் குழந்தையின் நாட்டம் எதில் உள்ளது என்பதை ஆசிரியர்கள் இதனால் எளிதில் உணர்ந்துகொண்டனர்.

செவிகொடுத்த ஆசிரியர்
முதல் வகுப்பிலேயே வேறொரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி ஒருத்தி இங்கு வந்துசேர்ந்தாள். தாயை வெளியே அனுப்பிவிட்டு, அவள் விரும்பியதையெல்லாம் பேசும்படி கோபயாஷி கேட்டுக்கொண்டார். ஏறத்தாழ நான்கு மணிநேரம் அவள் பேசினாள். அவர் ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை, சலிப்புக் காட்டவுமில்லை. தன் பேச்சுக்கும் மதிப்புண்டு என அக்குழந்தை முதன்முதலாக உணர்ந்தாள்.

ஒருநாள் அவள் கழிவறைக் குழியில் விழுந்த தன் பணப்பையைத் தேடிக் கழிவையெல்லாம் வெளியே அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தாள். அவ்வழியே வந்த கோபயாஷி, தேடி முடித்ததும் அனைத்தையும் திரும்பக் குழியில் இட்டுவிடும்படி மட்டும் சொல்லிச் சென்றார். பணப்பை கிடைக்கவில்லை, ஆயினும் அவள் அள்ளியதையெல்லாம் மீண்டும் குழியில் இட்டு முடித்தாள். ஒரு குழந்தையை நம்புவது அதனிடம் பொறுப்புணர்வை வளர்க்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

கூடி உண்டல்
மதிய உணவில் கடல்தந்த பொருளும் நிலம்தந்த பொருளும் சிறிதேனும் இருக்கவேண்டும் என்பது பள்ளியின் வழக்கம். கடற்பாசித் துண்டும் உப்பிட்ட கனியுமே இதற்குப் போதும் என்பதால், எளிய வீட்டுக் குழந்தையும் கூச்சமின்றி உணவுப்பெட்டியைத் திறந்தது. ஒன்று குறைந்தால் கோபயாஷியின் மனைவி தாம் சமைத்து வைத்திருப்பதிலிருந்து எடுத்து இடுவார்.

உணவுவேளையில் நாள்தோறும் ஒரு குழந்தை நடுவில் நின்று பேசவேண்டும். தனக்குப் பேச எதுவுமே இல்லை என்று ஒரு சிறுவன் மறுத்தான். கோபயாஷி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. காலையில் எழுந்தது முதல் அவன் செய்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, அவற்றையே அவன் வாயால் சொல்லச் செய்தார். அனைவரும் கைதட்டினர். பேச்சு என்பது வளமான சொற்களால் மட்டுமே அமைவதன்று என்பதை அன்று எல்லாக் குழந்தைகளும் உணர்ந்தனர்.

வென்ற குழந்தை
கைகால்கள் குறுகி, உயரம் வளராத ஒரு மாணவனும் அங்குப் பயின்றான். பள்ளி விளையாட்டு விழாவிற்குக் கோபயாஷி தாமே புதிய போட்டிகளை வகுத்தார். துணியாலான பெரிய மீனுக்குள் தவழ்ந்து வெளியேறுவதும் படிகளில் விரைந்து ஏறுவதும் அவற்றுள் சில. அச்சிறுவனே போட்டிகளில் முதலிடம் பெற்றான். தனக்காகவே அவை அமைக்கப்பட்டன என்பதை எவரும் அவனிடம் சொல்லவில்லை. இரக்கத்தால் பெற்ற வெற்றி என்னும் எண்ணம் அவன் உள்ளத்தில் எழாதிருக்க, அந்த மௌனமே துணைசெய்தது. காய்கறிகளே பரிசுகள், குழந்தைகள் தம் உழைப்பால் ஈட்டியது வீட்டாரின் உணவாக வேண்டும் என்று அவர் விரும்பினார்.

மற்றொரு நாள், வகுப்பில் ஓர் ஆசிரியை விளையாட்டாக அவனுக்கு வால் உண்டா என்று கேட்டுவிட்டார். அச்சொல் அவனை எவ்வளவு புண்படுத்தும் என்பதைக் கோபயாஷி அவருக்குக் கடுமையாக உணர்த்தினார். ஆனால், பிற ஆசிரியர்கள்முன் அவர் தலைகுனியாதிருக்க, சமையலறையில் தனியே அழைத்துப் பேசினார். குழந்தையின் மானத்தைக் காத்தவர் ஆசிரியையின் மானத்தையும் காத்தார்.

தீயில் விழுந்த பள்ளி
அது போர்க்காலம். எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்க நாடு முனைந்த நாளில், விளம்பரத்தை விரும்பாத கோபயாஷி தம் பள்ளியை அமைதியாக நடத்திவந்தார். எனினும் 1945ஆம் ஆண்டு வான்வழித் தாக்குதலில் தொடர்வண்டிப் பெட்டிகள் எரிந்து சாம்பலாயின. தெருவில் நின்று அத்தீயைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், அடுத்து எத்தகைய பள்ளியைக் கட்டலாம் என்று அருகிலிருந்த தம் மகனிடம் கேட்டார்.

எரிந்த இடத்தில் மழலையர் பள்ளி எழுந்தது. குனிதாச்சி இசைக்கல்லூரியில் குழந்தைக் கல்வித்துறை உருவாகவும் அவர் துணைநின்றார். ஆனால், டோமோயே போன்றதொரு தொடக்கப்பள்ளியை மீண்டும் காணாமலே 1963ஆம் ஆண்டு மறைந்தார்.

வாழும் பள்ளி
நான்கு மணிநேரம் பேசிய அச்சிறுமியே பின்னாளில் புகழ்பெற்ற தொலைக்காட்சிக் கலைஞரான தெத்சுகோ குரோயானகி. 1981இல் அவர் எழுதிய டோட்டோ சான் என்னும் நூல் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. எட்டே ஆண்டுகள் இயங்கிய பள்ளி அதன்வழி உலகெங்கும் அறியப்பட்டது. பெட்டிகளை எரித்த தீயால், அக்குழந்தைகள் அங்குப் பெற்ற தன்மதிப்பை எரிக்க இயலவில்லை.

கற்பவை கற்றபின்
1. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் அனைவரும் பங்கேற்கத்தக்க புதிய போட்டி ஒன்றை வடிவமைத்து, அதன் விதிகளை எழுதுக.
2. வகுப்பில் பேசத் தயங்கும் நண்பருக்கு எவ்வாறு உதவுவீர்கள் என்பதைக் குழுவில் கலந்துரையாடுக.